ஆட்டம் டாக்டரின் மஞ்சள் சீட்டு

கீழே விழுவதையே ஒரு படிப்பாகப் படித்த மனிதரை நீங்கள் யாரும் பார்த்திருக்க முடியாது. எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் அவர் தடுக்கி விழாத இடம் என்று ஒன்று இருந்தால், அங்கே அவர் போகவில்லை என்று அர்த்தம்.

முதன்முதலாக அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். விழுப்புரம் வண்டியிலிருந்து இறங்கியவர், கடைசிப் படியைக் கணக்கில் சேர்க்காமல் நேராகத் தரைக்கு வந்துவிட்டார். உடம்பு மண்ணில் கிடந்தது. இரண்டு கைகள் மட்டும் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேலே இருந்தன. ஓடிப்போய்த் தூக்கினேன்.

"அடி கிடி பட்டுச்சா சார்?"

"அது கிடக்கட்டுங்க. நான் எந்தப் பக்கம் சாஞ்சேன், பார்த்தீங்களா?"

"எடது பக்கம்."

"முதல்ல முட்டி மடங்குச்சா, இடுப்பு மடங்குச்சா?"

முப்பது வருஷம் ஹைஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். எத்தனையோ பையன்கள் விழுந்து பார்த்திருக்கிறேன். விழுந்தவன் அம்மா என்பான், ஐயோ என்பான், தள்ளிவிட்டவன் பரம்பரையையே இழுப்பான். விழுந்த இடத்திலேயே விசாரணைக் கமிஷன் வைத்தவர் இவர் ஒருத்தர்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, இடம், நேரம், சாய்ந்த பக்கம் எல்லாம் எழுதிவிட்டுத்தான் புழுதியைத் தட்டினார். வாடகைக்கு ஓர் அறை வேண்டும் என்றார். எங்கள் மாடி காலியாக இருந்தது. மறுநாளே வந்துவிட்டார்.

வீட்டில் நானும் என் அக்கா செசிலியும் மட்டும்தான். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கணவர் போன பிறகு என்னோடு வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து வீட்டுக்கு அவள்தான் கலெக்டர்.

"இன்னா படிச்சிருக்காரு அந்தத் தம்பி?" என்று கேட்டாள்.

"டாக்டர் பட்டம் வாங்கிட்டாருக்கா. அதுக்கு மேல ஆராய்ச்சி பண்றாரு."

"படிச்சி முடிச்சிட்டும் படிச்சிக்கினே கீறாரா? போதும்னு யாரும் சொல்லலியா?"

எனக்கும் அதுதான் சந்தேகம். சாப்பிட்டு இலையை மூடிய பிறகும் பந்தியை விட்டு எழுந்திருக்காதவர் மாதிரி அது என்ன படிப்பு என்று புரியவில்லை. தெருவுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை. டாக்டர் என்று கேள்விப்பட்டதும் காய்ச்சல், கழுத்துப் பிடிப்பு என்று நாலு பேர் மாடியேறினார்கள். அவர் வைத்தியம் பார்க்கவில்லை. எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி அனுப்பிவைத்தார். மனுஷன் நிற்கும்போது எவ்வளவு ஆடுகிறான் என்று அளப்பதுதான் அவர் வேலை என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு 'ஆட்டம் டாக்டர்'. அவர் சொந்தப் பெயர் வாடகைப் பத்திரத்தில் பத்திரமாக இருந்தது.

ஆராய்ச்சிக்கூடம் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இருந்தது. பக்கத்திலேயே அறை எடுக்காமல் ஏன் திண்டிவனத்தில் தங்கினார் என்றால், பஸ்ஸுக்காக. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே போவார். உட்கார இடம் இருந்தாலும் உட்கார மாட்டார்.

"கம்பியப் புடிங்க சார், பேஜாரு பண்ணாதீங்க. நீங்க வுழுந்தா என் வேல பூடும்" என்பார் கண்டக்டர்.

"பிடிச்சா எனக்கு ரிசல்ட் வராதுங்க" என்பார் இவர். அடுத்த பிரேக்கில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் ரிசல்ட் வந்துவிடும். நோட்டை எடுத்து எழுதுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மாதா கோவிலுக்கு வந்தார். பூசை முழுக்க எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். பங்குச் சாமியாருக்குப் பரம சந்தோஷம். தன் பிரசங்கத்தைக் குறிப்பெடுக்கிற முதல் ஆள் என்று வாசலில் வந்து கையைக் குலுக்கி, எந்தப் பகுதி பிடித்தது என்று கேட்டார். "முழங்கால் போட்டவங்க எழுந்திருக்கிற பகுதி ஃபாதர். பதினேழு பேர் பெஞ்சைப் பிடிக்காம எழுந்திருக்க முடியல. நீங்களும் பீடத்தைப் பிடிச்சீங்க" என்றார். சாமியார் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

கண்டமங்கலத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்துப்போனது என் தவறு. மேடையில் நின்ற மாப்பிள்ளையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்திலிருந்த ஆளிடம், "மாப்பிள்ளை இடது கால்ல வெயிட்டே போடல, கவனிச்சீங்களா?" என்றார். பக்கத்திலிருந்தவர் பெண்ணின் தாய்மாமன். பிரியாணி வருவதற்குள் மாப்பிள்ளைக்குக் கால் ஊனம் என்று மண்டபம் முழுக்கப் பேச்சு. கடைசியில் மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் ஷூவைக் கழற்றி, புது ஷூ கடித்த கொப்புளத்தைக் காட்டின பிறகுதான் பந்தி நடந்தது. டாக்டர் மட்டும், "கொப்புளத்துக்கே இவ்வளவு சாய்வா?" என்று வீடு வரைக்கும் ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த மஞ்சள் சீட்டுக்கு வராமல் இதை முடிக்க முடியாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் வேலையை ஒருநாள் பஸ்ஸிலேயே விளக்கினார். விழுப்புரம் ஸ்டாண்டில் எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வண்டி பின்னால் நகர்ந்தது. எங்கள் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று நான் சட்டென்று சீட்டைப் பிடித்தேன்.

"பார்த்தீங்களா மாஸ்டர்? நீங்க நகரவே இல்ல. கண்ணு சொல்லிச்சு, உடம்பு நம்பிடுச்சு. வயசானவங்க நிக்கிறதுக்குக் காலை விடக் கண்ணைத்தான் அதிகம் நம்புறாங்க. கண்ணு ஏமாந்தா விழுந்துடுறாங்க. யாரு அதிகமா ஏமாறுறாங்கன்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சிட்டா, அவங்கள விழாம காப்பாத்தலாம். பயிற்சி கொடுத்துச் சரி பண்ணவும் முடியும்னு நினைக்கிறேன்."

முதல் நாள் விழுந்தபோது அவர் தூக்கிப் பிடித்திருந்த அட்டைப்பெட்டியில் இருந்தது அதற்கான வி.ஆர். கண்ணாடி. குதிரைக்குக் கட்டுகிற பட்டை மாதிரி கண்ணை முழுக்க மூடிக்கொள்ளும். உள்ளே வேறொரு உலகம் தெரியும். அதை மாட்டிக்கொண்டு, தராசு மாதிரி ஒரு தட்டின் மேல் நிற்க வேண்டும். உள்ளே காட்சி நகர நகர, உடம்பு எவ்வளவு சாய்கிறது என்று தட்டு சொல்லும். விழாமல் இருக்க இடுப்பில் பெல்ட், மேலே கயிறு. ஆராய்ச்சிக்கு வயதானவர்கள் வேண்டும். திண்டிவனம், ஓமந்தூர், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கமெல்லாம் என் பழைய மாணவர்களின் அப்பா அம்மா இருந்தார்கள். ஆட்களைச் சேர்த்து வேனில் அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் உள்ளே ஏதோ வெளிநாட்டுப் பனித்தெருவைப் போட்டிருந்தார். "இன்னா சார், ஒரே சுண்ணாம்பா கீது" என்று ஓர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். உடனே மனிதர் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டையே படம் பிடித்து உள்ளே வைத்தார். அடுத்து ஏறியவர் திருவெண்ணெய்நல்லூர்ப் பெரியவர் ஒருவர். உள்ளே ஒரு பஸ் மெதுவாக நகர்ந்தது. பெரியவர் தோளில் இருந்த துண்டை உருவி, ஜன்னலைக் குறிபார்த்து வீசினார். துண்டு போய் டாக்டரின் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. பெரியவர் வண்டியைப் பிடிக்க ஓடி, கயிற்றில் தொங்கினார்.

"சீட்டுக்குத் துண்டு போட்டாச்சி, வுடுங்க சார். வண்டி பூடுது" என்று அந்தரத்திலிருந்து கெஞ்சினார்.

ஆட்டம் டாக்டர் ஆனந்தத்தில் அறை முழுக்க நடந்தார். "நம்பிட்டாரு மாஸ்டர், முழுசா நம்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே நடந்து, ஒயர் தடுக்கி அவரும் விழுந்தார்.

சோதனையில் அதிகம் ஆடியவர்களுக்கு ஒரு மஞ்சள் சீட்டு எழுதித் தருவார். குளியலறையில் கைப்பிடி வைக்கவும், தேய்ந்த செருப்பு வேண்டாம், கண்ணைப் பரிசோதிக்கவும் என்று நாலு வரி. நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார். ஆனால் எங்கள் ஜனங்களுக்குப் பரீட்சை தெரியும், ஆராய்ச்சி தெரியாது. வெறுங்கையோடு வந்தவர் பாஸ், மஞ்சள் சீட்டோடு வந்தவர் ஃபெயில் என்று வேனிலேயே தீர்ப்பாகிவிட்டது. முதல் வாரம் ஓமந்தூர்க்காரர் ஒருவர் சீட்டை மடித்து மடித்து நகமளவுக்கு ஆக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். இறங்கும்போது, "மூட்ட தூக்கன ஒடம்பு மாஸ்டர் இது. என்னிய நிக்கத் தெரியாதவன்னு எழுதிக் குட்த்துட்டாரு" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் பையன்களை வெயிலில் அசையாமல் நிறுத்தியவன் நான். நான் அழைத்துவந்த ஆட்கள் ஆடுவதா? அடுத்த வாரத்திலிருந்து, கூடத்துக்கு வெளியே வராந்தாவில் என் வகுப்பு ஆரம்பமானது. டாக்டர் உள்ளே மெஷினைத் தயார் செய்துகொண்டிருப்பார். நான் வெளியே எல்லோரையும் வரிசையில் நிறுத்துவேன்.

"கால் கட்டவிரலால தரையக் கவ்வுங்க. முட்டிய லேசா தளர்த்துங்க. மூச்ச நிதானமா வுடுங்க. முக்கியமான விஷயம், கண்ணாடிய மாட்டனதும் உள்ள கண்ண மூடிக்குங்க. பஸ்ஸு வந்தாலும் வுடுங்க, ரயிலு வந்தாலும் வுடுங்க."

"கண்ண மூடனா டாக்டருக்குத் தெரியாதா மாஸ்டர்?"

"அதுக்குள்ள எவன் பாக்கப் போறான்."

கண் திறந்திருக்கிறதா என்று பார்க்கிற விலை உயர்ந்த கண்ணாடிகள் உண்டாம். இவரிடம் இருந்தது சாதாக் கண்ணாடி. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் தட்டில் ஏறினால் கொடிக்கம்பம் மாதிரி நின்றார்கள். மஞ்சள் சீட்டு நின்றுபோனது. வேனில் பாட்டும் சிரிப்புமாக ஊர் திரும்பினார்கள். டாக்டருக்கு வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, பை பையாக வந்து குவிந்தது. என் வகுப்பில் முதல் மாணவி என் அக்கா. அவள் நின்று முடித்ததும் டாக்டர் கணக்கைப் பார்த்து, "அக்கா, இந்த வயசுல இப்படி நிக்கிறவங்கள நான் பார்த்ததே இல்ல" என்றார். அக்கா என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பயிற்சிக்காக ஒரு மாந்தோப்பு செய்திருந்தார். கண்ணாடிக்குள் மாங்காய் விழும். குனிந்து, சாய்ந்து பிடிக்க வேண்டும். ஆறு வாரம் எல்லோரும் உற்சாகமாகப் பிடித்தார்கள். பிறகு மறுபடியும் அளந்தார். பயிற்சிக்கு முன்னாலும் ஆட்டம் இல்லை, பின்னாலும் ஆட்டம் இல்லை. "ஆடாதவங்களுக்கு நான் என்னத்தைச் சரி பண்றது மாஸ்டர்?" என்று ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டார். நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு நான் எத்தனை நாள் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நாட்களில் ஒன்றில்தான், பட்டப்பகலில், துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஆட்டம் டாக்டர் விழுப்புரத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் அக்காவின் கணக்குத் தாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க விழ வாய்ப்பே இல்லன்னு நான் எழுதியிருக்கேன். எப்படி விழுந்தீங்க? தலை சுத்துச்சா? அன்னைக்கு மெஷின்ல ஏறினப்போ ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சோப்புத் தண்ணி தம்பி. யாரா இருந்தாலும் வழுக்கிக்கினுதான் போவும்" என்றாள்.

வலியில் முனகிக்கொண்டிருந்தவள் எனக்காகச் சொன்ன பொய் அது. அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாரா வாரம் பிரேயரில் பையன்களுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்த வாய் இது. ஒரு வரிகூட வரவில்லை. மாஸ்டர் என்று அவர் கூப்பிடுகிற மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். உண்மை அவ்வளவுதான்.

அவர் தாளை மடித்தார். "அப்ப என் மெஷின் பொய் சொல்லுது" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "யார் விழுவாங்கன்னு இதால சொல்ல முடியல. தைரியமா இருங்கன்னு தப்பா சொல்லி அனுப்பியிருக்கேன். எத்தனை பேருக்குச் சொன்னேனோ."

வேறொருவராக இருந்தால் நல்ல கணக்கை மட்டும் பொறுக்கி எழுதி, இன்னும் இரண்டு வருஷம் வாங்கியிருப்பார். இவர் தன் வழிமுறையே தவறு, இந்த ஜனங்களிடம் இது வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கவும் இல்லை. கூடத்தில் மாந்தோப்பு அணைந்தது. தட்டைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. வீட்டை விட்டுப் போவதற்கு முதல் நாள், எங்கள் குளியலறையில் அவரே துளை போட்டு இரண்டு கைப்பிடிகள் மாட்டினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. "ஸ்க்ரூ குடுங்க மாஸ்டர்" என்றார். கொடுத்தேன்.

இப்போது பெங்களூரில் இருக்கிறார். அதே மாதிரிக் கண்ணாடியில் பையன்கள் கார் ஓட்டி விளையாடுவதற்கு ஏதோ செய்து தருகிற கம்பெனி. நல்ல சம்பளம் என்றார்கள்.

போன மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்த அக்கா, திடீரென்று நின்றாள்.

"ஏய், நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

எதை என்று நான் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பேசிப் பதிவு செய்தேன், அழித்தேன், மறுபடி பேசினேன். வராந்தா வகுப்பு, கண்ணை மூடச் சொன்னது, ஆஸ்பத்திரியில் வாய் மூடியிருந்தது எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். "என்ன மன்னிக்கணும் டாக்டர்" என்று முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அதை மட்டும் அழிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் குரல் வந்தது. அக்காவும் நானும் சேர்ந்து கேட்டோம்.

"மாஸ்டர், நல்லவேளை சொன்னீங்க. மெஷின் பொய் சொல்லலன்னு தெரிஞ்சுது. மூணு நாலு தடவை கேட்டேன் உங்க குரலை. உங்க மேல தப்பில்ல மாஸ்டர். அந்தச் சீட்டை வாங்கினவங்க மனசு எப்படி இருக்கும்னு நான்தான் யோசிக்கல. அக்காவ நடக்கச் சொல்லுங்க, நிறுத்த வேணாம்."

"திரும்பவும் வந்து செய்யறாராமா?" என்று அக்கா கேட்டாள். அதை நானும் கேட்டு அனுப்பினேன். அந்த வேலைக்கு இப்போது பணம் கொடுக்க ஆள் இல்லை மாஸ்டர், பார்ப்போம் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். கேட்டவன் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே சிலர் பார்ப்போம் என்று சொல்வார்கள். அவர் அந்த ரகம்.

என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் கணக்கு நேராகிவிட்டது என்று நானும் ஆறியிருப்பேன். கடைசியிலும் பழியைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் ஏமாற்றியிருக்கிறார்கள், நானும் சிலரை ஏமாற்றியிருக்கிறேன், அதெல்லாம் மறந்துபோயிற்று. இந்த ஒரு மனிதரிடம் மட்டும் நான் அப்படி நடந்துகொண்டிருக்கக் கூடாது.